கோமோ

அஞ்சு ரோட்டில் டயர் கடைக்கு மேலே
வாரம் மூன்று நாள் ஸ்பானிஷ் வகுப்பு.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றும்.
ஆக்னெஸ் டீச்சருக்கு என்னைவிடப் பதினாறு வயது குறைவு.
படித்து முடித்தால்
மெக்சிகோக் கடன்காரர்களோடு
ராத்திரி ஷிப்டில் பேசும் வேலை கிடைக்குமாம்.
பகலில் இப்போதும் அதே வேலைதான்,
கிச்சிப்பாளையத்தில், தமிழில்.

நம் 'ஆல்' அங்கே 'சி'.
மழை பெய்தால், பஸ் வந்தால், மாம்பழம் மலிந்தால்,
எதற்கும் சி போதும்.
ஆனால் மிரட்டுவதற்கென்றே
தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்:
கோமோ.
அது முன்னால் வந்து நின்றதும் வினைச்சொல்லின் முகம் மாறிவிடும்,
பாகஸ் பாகெஸ் ஆகும்.
கட்டாமல் மட்டும் இருந்து பார், என்கிற மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது.
நம்மிடம் ஒரே ஆல்தான்.
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுப் பலகையிலும் அது,
என் வாயிலும் அது.
அதிலும் நான் பாதிதான் சொல்வேன்.
"வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா..."
மீதியை அவர்களே முடித்துக்கொள்வார்கள்,
எனக்குத் தோன்றாத அளவு கொடூரமாக.
ஆக்னெஸ் விடமாட்டாள்.
"முடிங்கக்கா. தொங்கவிட்டா மார்க் கிடையாது."

வீட்டுப்பாடம், ஐந்து மிரட்டல்.
நான்கு சுலபம். தொழில்.
ஐந்தாவதை யோசித்துக்கொண்டே
வெண்ணிலா வீட்டுக் கதவைத் தட்டினேன்.
மூன்று தவணை பாக்கி.
அவள் கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தாள்.
திறந்ததற்கு ஏழு வயசு இருக்கும்,
முன்பல் இரண்டு இல்லை,
கையில் சின்னக் கொறடு.
நான் குரலை உயர்த்தத் தொடங்கினேன்.
அது பின்வாங்கவில்லை.
"நீங்க கத்துனா தம்பி எந்திரிச்சிருவான்."

எழுந்தால் என்ன என்று சொல்லவில்லை.
மீதியை நானே முடித்துக்கொண்டேன்.
நோட்டில் 'வீடு பூட்டி' என்று எழுதிவிட்டு
படியிறங்கும்போது
செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.

ஐந்தாவதாக அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.
ஆக்னெஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்,
"இதுக்கு சியா, கோமோவா?"

ஜன்னலில் சேர்வராயன் மலை பாதிக்கு மேல் காணோம்.
மழை இறங்கினால் ஸ்கூட்டி சீட் நனையும்.
அதற்கு சி,
அதில் சந்தேகமில்லை.