கர்னல் டுவானின் இடுப்பளவு

கைஃபெங் தெற்கு வாசலருகே என் தையல் கடை.
முதலில் வந்தபோது கர்னல் டுவான் ஹெங்ஷுவுக்கு
இடுப்பு இருபத்தேழு அங்குலம்.
சாம்பல் நிறப் பருத்தி, தோளில் குண்டு துளைத்த ஓட்டை.
"அதைத் தைக்காதே, காற்று வரட்டும்" என்றார்.
நெடுஞ்சுவர்க் கணவாயில் இரவில் வாளோடு இறங்கியவரைப்
பார்க்கப் பையன்கள் வாசலில் முண்டினார்கள்.
கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பிறகு ஆற்றங்கரையை உடைத்தார்கள், நம்மவர்களே.
முந்நூறு பேரோடு சேற்றில் பதினோரு நாள்.
குதிரையைத் தின்றார்கள், சேணத்தின் தோலையும்.
பன்னிரண்டாம் நாள்
எதிரியின் சமையல் புகை தெரிந்த திசையில்
வெள்ளைத் துணி கட்டி நடந்தாராம்.
அந்தச் சேற்றில் வெள்ளைத் துணி ஏது என்று
தையற்காரன் மட்டும்தான் யோசிப்பான்.

அடுத்த முறை காரில் வந்தார்.
மஞ்சள் கலந்த பச்சைக் கம்பளி. முப்பத்து நான்கு.
"பையன்களுக்குச் சோறு கிடைக்கிறது, லுவோ" என்றார்,
நான் எதுவும் கேட்காதபோதே.
யார் வீட்டுக் குதிரிலிருந்து என்பது
வெய்ஷீ ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.
சுரங்க வேலைக்கு ரயிலேற்றப்பட்ட என் மைத்துனன்
ஒரு கடிதமும் போடவில்லை.
நான் ஊசியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஊசி இருக்கும் வாய் பேசாது. அது ஒரு வசதி.

ஆகஸ்டில், விளக்கணைத்த பிறகு, கதவைத் தட்டினார்.
சின்னத்தைப் பிரித்துப் பழையதை வைக்கச் சொன்னார்.
வைத்தேன்.
வெயில் படாத துணி மட்டும் அதைச் சுற்றிப்
புத்தம் புதிதாகத் தெரிந்தது.

சுட்ட நாளில் நான் போகவில்லை.
கால்சட்டை நழுவாமல் இரு கைகளாலும்
பிடித்தபடி நடந்தாராம்.
சிறையில் பெல்ட் தர மாட்டார்கள்.
என் நோட்டில் இன்னும் முப்பத்து நான்குதான்.
பக்கத்திலேயே கூலி பாக்கி.