ஏணிக்காளான்

பகல் முழுக்கக் கரும்புக்கு நோய் பார்ப்பவள் நான்.
ரெதுயீ ஆய்வுக்கூடத்தில்,
கரிப்பூட்டை கண்ட குருத்து
கறுப்புச் சாட்டையாய் நீண்டிருப்பதை
அளந்து, எழுதி, கையெழுத்திட்டு,
கடைசி பஸ்ஸில்
மழையோடு மழையாய்க் கியூர்பீப் வந்து சேர்வேன்.
சனிக்கிழமை இரவானால்
சீனாக் கடைக்கு மேலே, என் வீட்டில்,
நானே நோய்.

அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்:
ஏணிக்காளான். இடிந்த கோட்டைகளில் விளைவது.
முதல் நாள் நாக்குக்கு உப்பு மறக்கும்.
மூன்றாம் நாள் கூரைகளை அண்ணாந்து பார்க்கத் தோன்றும்.
ஏழாம் இரவு ஏறத் தொடங்குவாய்,
மரமோ மாடமோ, எது உயரமோ அது.
உச்சியைப் பல்லால் கவ்விக்கொள்வாய்.
பிடரி பிளந்து ஒரு காம்பு எழும்.
மிச்சம் காற்றின் வேலை.
தப்பிக்க, இருபது முகப் பகடையில்
பதினேழோ அதற்கு மேலோ விழ வேண்டும்.
பாவம் பார்த்துப் பதினைந்து என்று திருத்தி
மறுபடி பதினேழாக்கினேன்.

நாலு பேருக்கும் நாலு சீட்டு, மடித்து.
யாரிடமும் காட்டக் கூடாது.

அதன்பின் ஆட்டம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.
போர்வீரன் தமரேன்
கூடாரத்துக்கு வெளியே படுக்கிறேன் என்றான், உள்ளே புழுக்கமாம்.
ழெரார் தன் மந்திரவாதிக்குத் தனித் தட்டு கேட்டான்.
மீலானின் திருடி
வாய் வைத்த தண்ணீர்க் குடுவையைக் கொடுக்காமல்
ஆற்றில் வீசினாள்.
கஞ்சப் பிசினாறி என்று ஏசினார்கள்.
தட்டில் கத்தோ பிமான் ஆறிக் கிடந்தது.
என் வீட்டுச் சுவரின் ஈரப்பூஞ்சை மட்டும்
போன வாரத்தைவிட ஒரு விரல் வளர்ந்திருந்தது.

ஏழாம் இரவு.
ஒவ்வொருவராய் அடுப்படிக்கு வந்து
என் காதில் சொன்னார்கள்:
"மத்தவங்க தூங்கினதும் நான் எழுந்து போயிடறேன்."
மணிக்கூண்டுக்கு நூற்றிருபது படி.
உச்சி இருட்டில் மூவரும் முட்டிக்கொண்டார்கள்.
"நீயுமா?"
சிரித்த சிரிப்பில் ழெராரின் தேநீர் கவிழ்ந்து
வரைபடத்தில் புதிதாய் ஓர் ஏரி.

அப்போது படியில் நாலாவது காலடி.
யோவனீ. வைத்தியச்சி.
சீட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள்.
வெறும் தாள்.
மற்றவர்களுக்கு நெருப்பு வைக்க
ஒரு கையாவது சுத்தமாய் இருக்கட்டும் என்று
அவளுக்கு மட்டும் நான் எழுதவில்லை.
"உனக்குத்தான் ஒன்றுமில்லையே, ஏன் ஏறினாய்?"

"விறகு தீர்ந்துபோச்சு," என்றாள்.
"கீழே யாருமில்லை."

விதிப்படி
அந்த உச்சியில் மூச்சு விடும் எவரும்
பகடை எறிய வேண்டும்.
எறிந்தாள்.
அது உருண்டு குளிர்பெட்டிக்கு அடியில் போய்விட்டது.
நால்வரும் தரையில் கவிழ்ந்து,
கைபேசி வெளிச்சத்தில்,
தொட்டால் புரண்டுவிடுமே என்று
கையை நீட்டாமல்
எண்ணைப் படிக்கப் பார்க்கிறார்கள்.

நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு
ரப்பரைத் தேடுகிறேன்.