முதல் கேட்டில் நிற்பவன்

பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளும் பக்கம்
நான்கு பிளாக், பதினான்கு மாடி.
இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
ஒன்றாம் நம்பர் கேட் என்னுடையது.

ஈ-வேஸ்ட் பெட்டியில் கிடந்தது அது.
உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம்,
திரையில் ஒரு கீறல், இடது குமிழில் ஆட்டம்.
சி-904 ஆருஷ் போட்டது. திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"வெச்சுக்கோங்க அங்கிள், அதுல எல்லாம் முடிச்சாச்சு,
நூறு பர்சென்ட்" என்றான்.

பேட்டரி உப்பியிருந்தது. எஸ்.பி. ரோட்டில்
முந்நூற்றைம்பது கொடுத்து மாற்றினேன்.
சார்ஜர், பூம் பாரியர் டப்பாவுக்குள்,
சூப்பர்வைசர் நஞ்சப்பா கண்ணில் படாமல்.

அவன் சேமித்து வைத்ததை அழிக்கவில்லை.
மூன்றாவது வரிசை காலியாக இருந்தது, அதில் தொடங்கினேன்.
வாள் தூக்கிய ஒருத்தன், பெயர் கார்வன்,
யாரையோ பழிவாங்கப் போகிறான்.
(யாரை என்று சொல்லும் இடத்தில் ஒரு கூரியர் வந்துவிட்டது.)

ஒருமுறை முடித்தால் 'கடினம்' திறக்கும்.
கடினத்தை முடித்தால் 'நரகம்'.
நரகத்தில் அடி வாங்காமல் மூன்று கட்டம் போனால்
ஒரு கோழி முகமூடி.
அதைப் போட்டுக்கொண்டு ராட்சசனை வெட்டலாம்,
ராட்சசன் சிரிப்பதில்லை.
அப்புறம் ஒரு அறை, சுவர் முழுக்க பென்சில் படங்கள்:
வரைந்து, வேண்டாமென்று விட்டவை.
அதில் ஒரு குதிரை.
இரண்டு மணிக்கு மேல், கொசு மட்டும் விழித்திருக்கும்போது
அந்தக் குதிரையைத்தான் பார்ப்பேன்.
நான்கு கால்களையும் முடித்திருக்கிறார்கள். முகம் இல்லை.

முதல் கட்டத்தின் முதல் கேட்டில் ஒரு ஆள்.
தொப்பி, கையில் கம்பு. கொட்டாவி விடுவான்.
ஒரே வெட்டு போதும்,
ஐந்து நாணயம் கொட்டும்.
நான் வெட்டவில்லை.
பெரிய காரணம் ஒன்றுமில்லை,
இடப்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி,
ஏறிக் குதித்தால் மதிலுக்கு அந்தப் பக்கம்.
முதல் தடவை அப்படிப் போய்விட்டேன்,
பிறகு அதுவே கைப்பழக்கம்.

ஏழாவது ஆட்டம் முடிந்த விடியலில்
திரை கறுத்தது. ஒரு மணி அடித்தது.
பட்டியலே இல்லாத இடத்தில் ஒரு பூட்டு திறந்தது.
புதிய ஆள்: காவலன்.

உயிர் ஒரே கோடு. வாள் கிடையாது.
வரைபடம் என்று ஒரு கேட், ஒரு விளக்கு.
வலப்பக்கம் மூன்று அடி நடக்கலாம், இடப்பக்கம் இரண்டு.
தூரத்தில் கார்வன் வருகிறான்.
இத்தனை நாள் நான் ஓட்டியவன்தான்,
எதிரே நின்றால் இவ்வளவு வேகம் என்று தெரியாது.

செத்தேன். கம்பை ஓங்கிச் செத்தேன்.
ஓங்காமல் நின்றும் செத்தேன்.
பதினோரு இரவு.

பன்னிரண்டாம் இரவு, நாலு நாற்பதுக்கு ஹார்ன்.
ஏர்போர்ட் டாக்சி, பி-302, மூன்று பெட்டி.
பதறி எழுந்ததில் கட்டைவிரல் எதிலோ பட்டது.
பாரியரைத் தூக்கிவிட்டு வந்து பார்த்தால்
அங்கேயும் கேட் திறந்திருக்கிறது,
கார்வன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறான்
பி-302 மாதிரியே, திரும்பிப் பாராமல்.

மதிப்பெண் இல்லை. வெற்றி என்ற எழுத்தும் வரவில்லை.
கேட் தானாகச் சாத்திக்கொண்டது.
காவலன் கொட்டாவி விட்டான்,
நான் எதையும் அழுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆருஷ் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.
"யார் இது? இந்த ஆள் கேம்லயே கிடையாதே."
"முதல் கேட்டில் நிற்பான்."
"பார்த்ததே இல்ல."
"வெட்டியிருப்பே."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"ஓ, அஞ்சு காயின்."

பிரியாணிப் பையோடு ஒருத்தர் வந்து நின்றார்.
ரெஜிஸ்டரைத் தள்ளினேன்: பெயர், ஃப்ளாட், நேரம்.
பேனா எழுதவில்லை, வேறு தேடிக் கொடுத்தேன்.
ஆருஷ் இன்னும் போகவில்லை.
"எப்படி அங்கிள் திறந்தீங்க?"

"தண்ணித் தொட்டி பக்கமா ஏறிப் போ," என்றேன்,
"ஏழு தடவை."