பிறபொருளெதிரி

காதில் மஞ்சள் வில்லை, அதில் எட்டு எண்கள்.
வலது பின்னங்காலில் தானாகக் கூடிய பழைய முறிவு.
ருமேனியாவிலிருந்து மூன்று நாள் வேனில் வந்து
வேல்ஸ் மழையில் இறங்கினாள்.
நாய் படாத பாடு என்பார்கள்;
இந்த நாய் பட்டது எட்டு எண்ணுக்குள் அடங்கிவிட்டது.
பள்ளிப் பேருந்து ஓட்டும் டெலித்
எப்ரில் என்று பேர் வைத்தாள்.
வந்த மாதம் அது, வேறு காரணம் இல்லை.

நான் இரண்டு கையுறை மாட்டினேன்,
ஒன்றின் மேல் ஒன்றாக.
ஏப்ரன், முகக்கவசம், கண்ணுக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை.
புரூசெல்லா மனிதருக்கும் ஒட்டும், அதனால் விதி அப்படி.
அவளுக்கு விதி தெரியாது.
முகமில்லாமல் கையுறையோடு வருபவர்களை
முன்பே பார்த்திருக்கிறாள்,
கம்பிச் சுருக்கோடு.
உறுமவில்லை. நின்றபடி மூத்திரம் விட்டாள்.

முன்னங்காலில் முடி மழித்தேன்.
நரம்பு ஈரச் சணல்போல் நழுவி நழுவிப் போயிற்று.
ஊசியை உருவும்போது உதறினாள்.
இரண்டு உறையையும் தாண்டி
என் கட்டைவிரலில் ஒரு சிவப்புப் புள்ளி.
"ஒன்றுமில்லை" என்றேன் டெலித்திடம்.
அந்த ஒன்றுமில்லையைக்
குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் பிடித்திருந்தேன்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
எர்லிக்கியா, பபேசியா, லீஷ்மேனியா, இதயப்புழு,
கடைசியில் அது.
வயது என்ற இடத்தில் "நான்கு?" என்று எழுதினேன்.

கிருமியைத் தேடுவதாகத்தான் டெலித் நினைத்தாள்.
இல்லை என்றேன்.
என்றோ நுழைந்த அந்நியனோடு
உடம்பு மல்லுக்கட்டிய தடயத்தை,
ரத்தம் இன்னும் மறக்காத பகையைத் தேடுகிறோம்.
பிறபொருளெதிரி.
சொல்லும்போதே டெலித்தின் முகத்தைப் பார்த்தேன்.
அவள் மடியில் தலை வைத்திருந்தது
இந்த ஊருக்கே ஒரு பிறபொருள்.

பக்கத்துப் பண்ணை இட்வல்
இடைக்கதவை நீலக் கயிற்றால் ஏழு சுற்று கட்டிவிட்டான்.
அவனுடைய கோலி ஃப்ளோஸ் நிறைசூல்.
வந்த முதல் நாளே இரண்டும் கம்பிக்கு இடையில்
மூக்கோடு மூக்கு வைத்துவிட்டன.
கடை வாசலில் என்னை நிறுத்திக் கேட்டான்:
"ஒரு முகர்தல் என்பது எத்தனை நொடி, டாக்டர்?"
எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை.

பதினான்காம் நாள் வந்தது.
நான்கு இல்லை.
ஐந்தாவதற்கு ஆம் இல்லை, இல்லையும் இல்லை:
சந்தேகம். மூன்று மாதம் கழித்து மீண்டும் அனுப்புக.
அதுவரை தனித் தட்டு, தனி வாளி,
மூத்திரம் விட்ட இடமெல்லாம் பிளீச்.
டெலித்தின் முன்புல்லில் மஞ்சள் வட்டங்கள்.
மீண்டும் அதே பதில் வந்தால்
நான் என்ன சொல்வேன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்காமலிருக்க மேசையைத் துடைத்தாள்,
துடைத்த மேசையையே.

ஃப்ளோஸ் ஐந்து போட்டாள்.
ஒன்று அசையவில்லை.
ஐந்தில் ஒன்று போவது புதிதில்லை என்றேன்.
தலையாட்டினான் இட்வல்.
அப்படியும் அதை ஃப்ரீசரில் வைத்திருக்கிறான்,
பட்டாணிப் பைகளுக்கு அடியில்.
கேட்டால் தருவானாம்.
நான் இன்னும் கேட்கவில்லை.

என் ரத்தமும் போயிருக்கிறது, வேறொரு ஊருக்கு.
நர்ஸ் நீட்டிய படிவத்தில் பழக்க தோஷம்,
இனம் என்ற கட்டத்தைத் தேடினேன்.
எனக்கும் மறுபரிசோதனை ஜூலையில்தான்.
இரவில் கொஞ்சம் வியர்த்தால்
எழுந்து வெப்பமானியை வாயில் வைக்கிறேன்.
முப்பத்தாறு ஏழு.
திரும்பப் படுக்கிறேன்.

நேற்று டெலித் வீட்டு வேலியோரம் போனேன்,
திரை இல்லை, உறை இல்லை.
குரலில் கண்டுகொண்டாளோ வாடையிலோ,
எப்ரில் நொண்டி நொண்டி வந்தாள்,
என் கட்டைவிரலை நோக்கி மூக்கை நீட்டினாள்.
கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
அவள் அங்கேயே நின்றாள்,
பையைப் பார்த்தபடி.