ஐந்தரை அங்குலம்

கடையநல்லூரில் கரிபஸ் ஏறி
பாளையங்கோட்டை வந்து சேருவதற்குள்
கட்டைக்காலை இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டேன்.
பென்சனுக்கு ஒரு கையெழுத்து குறைகிறதாம்.
முட்டுக்குக் கீழே எத்தனை அங்குலம் மிச்சம் என்று
வெட்டிய டாக்டரே எழுதித் தந்தால் நல்லதாம்.

முருகன்குறிச்சியில் போர்டு தொங்கியது:
கேப்டன் எம். ஞானாபரணம், ஓய்வு.
முகத்தைப் பார்த்து, 'ஞாபகம் இல்ல' என்றார்.
'மைதீன்பிச்சை. திமாப்பூர் ரோடு. லாரி டிரைவர்.'
'நூறு டிரைவர் வந்தான்வே. காலைக் காட்டும்.'

துணியை அவிழ்த்தேன்.
கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.
தழும்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே போனவர்
ஓரிடத்தில் நின்று
'ஆமா, இது நான்தான்' என்றார்,
தொலைந்த ஆட்டைக் காதுக்குறி பார்த்துச் சொல்வதுபோல.

மூன்று வருசக் கோபம் அப்போதுதான் வாய்க்கு வந்தது.
அறுத்த அன்றைக்கே ஏன் தைக்கவில்லை?
ஐந்து நாள் திறந்து போட்டீர்கள்.
என் எலும்பை நானே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
மழை. ஈ.
பக்கத்துக் கட்டில் கூர்க்கா
என் பக்கம் திரும்பாமலே பீடி நீட்டுவான்.

அவர் டேப்பை இழுத்து அளந்தார்.
'பதினாறாம் வருசம், பஸ்ரா.
எனக்கு இருபத்திநாலு வயசு. அழகாத் தைப்பேன்.
எங்கம்மை இடையன்குடியில லேஸ் பின்னுவா, அந்தக் கை.
சேறும் கோவேறு கழுதைச் சாணியும் உள்ள இருக்க
அன்னன்னைக்கே மூடி அனுப்பினேன்.
கப்பல் ஏறுமுன்னே வீங்கிரும்.
அமுக்கினா தோலுக்குள்ள நறநறன்னு கேக்கும்.'
விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார்.
ஒரு கை தீர்ந்தது, மறு கையும் தீர்ந்தது.
பிறகு பேனாவை எடுத்து
'ஐந்தரை' என்று எழுதினார்.

மை காயும்வரை சும்மா இருக்க முடியவில்லை போல.
'கிளட்ச் எந்தக் காலுவே?'
'இடது.'
'இதுதானே?'
'அதேதான்.'
'அன்னைக்கே கேட்டிருக்கணும் நான்.'
'கேட்டிருந்தா வலதை எடுத்திருப்பியளா?'
கம்பவுண்டர் எட்டிப் பார்த்தான்,
இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.
பீஸ் வாங்கவில்லை.
படியில் இறங்க என் தோளைப் பிடித்த கை
லேசாக நடுங்கியது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்.
பையன் புதுசு.
ஆலங்குளம் தாண்டி மேட்டில்
பல்சக்கரம் கடிக்கக் கடிக்க கியர் மாற்றினான்.
ஒவ்வொரு தடவையும்
இல்லாத காலால் நான் அமுக்கினேன்.
ஒரே ஒரு தடவை சரியாக விழுந்தது.