ஒன்பதாம் தண்ணீர்

நான் குடிகாரன் இல்லை. திருடனும் இல்லை.
ககேதிச் சமவெளியில்
பதினாறு வரிசைத் திராட்சைக்குச் சொந்தக்காரன்.
பாவ அறிக்கைக்குப் போனால் வாய் அடைத்துக்கொள்ளும்.
ஒன்றுமே செய்யாதவன்
எதை அறிக்கையிடுவான்?

நாளைக்கு என்பேன். கெட்ட வார்த்தையா அது?
கூரை ஒழுகியது, வாளி வைத்தேன்.
வாளி நிறைந்தது, கட்டிலை நகர்த்தினேன்.
மக்வாலா ஒன்றும் சொல்லவில்லை;
கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.

எங்கள் நிலவறையில் ஆறு சாடிகள்,
கழுத்துவரை மண்ணில் புதைந்தவை.
ஐந்து எங்களுக்கு.
கதவோரத்து ஆறாவது கர்த்தருக்கு.
அதில் ஒரு கிண்ணம்கூட நாங்கள் அள்ளமாட்டோம்.
அந்தத் திராட்சரசம் கோயிலுக்குப் போகும்,
ஞாயிறுதோறும் சின்னக் கரண்டியில்
ஊர் நாக்குகளுக்குப் போகும்.

அதைத்தான் கழுவாமல் விட்டேன்.
பழைய மண்டி ஒரு விரல் உயரம்தானே,
கர்த்தர் மன்னிக்கிறவர்தானே
என்று புது அறுவடையை மேலே ஊற்றினேன்.
அவருடைய இரக்கத்தை
தலைக்கு வைத்துத் தூங்கியவன் நான்.

நோன்பின் மூன்றாம் வாரம்
பாதிரியார் பெசாரியோன் குடுவையோடு வந்தார்.
மூடியை நகர்த்தினேன்.
நான் சொல்லவேண்டியதை வாடை சொன்னது.
விரலை நனைத்துச் சுவைத்தார்.
முகம் சுளிக்காதிருக்க முயன்றார், முடியவில்லை.
"காடி," என்றார். "சிலுவையில் அவருக்கு
ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தாயிற்று."
அவ்வளவுதான்.
காலிக் குடுவை
மேட்டுத்தெரு நானூலி வீட்டுப் பக்கம் நடந்தது.

மறுநாளே சாடிக்குள் இறங்கினேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?
பதினொரு நாள் ஆனது.

பன்னிரண்டாம் நாள் காடியை இறைத்துக் கொட்டிவிட்டு
மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.
அணைந்தது. உள்ளே காற்று கெட்டிருந்தது.
மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதை எங்கே போய்ச் சொல்ல?
மக்வாலா விசிறி கொண்டுவந்து
அரைமணி நேரம் வீசினாள்.
மறுபடி இறக்கினாள்.
நின்று எரிந்தது சுடர்,
எனக்கு ஒரு சாக்கும் மிச்சம் வைக்காமல்.

தோளை ஒருக்களித்து இறங்கினேன்.
கையில் செர்ரிப்பட்டைத் தூரிகை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும், குனிந்தால் முதுகு இடிக்கும்.
எல்லாப் பக்கமும் வளைவு.
சோம்பேறி சாய்ந்துகொள்ள
ஒரு மூலைகூட இல்லாத வீடு.

தேய்த்தேன். மேலிருந்து வாளி வந்தது.
கறுப்பாக ஓடியதை அள்ளி மேலே கொடுத்தேன்.
மறுபடி வாளி.
மூன்றாம் தண்ணீரில் உள்ளங்கை எரிந்தது.
ஐந்தாவதில் "கர்த்தாவே" என்றேன்,
ஜெபம் இல்லை, முழங்கை இடித்துக்கொண்டது.
சாடி அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிச் சொன்னது,
என் வாயில் இருந்ததைவிட நல்ல குரலில்.
பிறகு வேண்டுமென்றே சொன்னேன்.
இரங்கும், ஒரு இழுப்பு. இரங்கும், ஒரு இழுப்பு.
எது வேலை, எது வேண்டுதல்
என்று பிரித்துப் பார்க்கக் கை நிற்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு கணக்கு உண்டு:
கழுவிய தண்ணீரைக் கழுவியவன் குடிக்கும்வரை
சாடி சுத்தமில்லை.
எட்டாம் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தேன்.
தெளிவாகத்தான் இருந்தது.
போதுமே என்றான் உள்ளே அந்தப் பழைய ஆள்,
கொட்டாவி விட்டபடி.
அவன் செத்துவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன்.
"இன்னொரு வாளி," என்றேன்.
மேலே வட்ட வெளிச்சத்தில் மக்வாலாவின் முகம்
ஒரு கணம் நகராமல் நின்றது.

ஒன்பதாவதைக் குடித்தேன்.
மண் ருசி. கொஞ்சம் மழை.
மிச்சத்தை அவள் கை நீட்டிக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சாடி காலிதான்.
அறுவடைக்கு இன்னும் ஏழு மாதம் கிடக்கிறது.
ஏணியைத் தோளில் போட்டு வெளியே வந்தேன்.
எதிரே கூரை, ஓடு விலகின இடம் பளிச்சென்று.
நாளை
என்று நாக்கு தொடங்கியது.
ஏணி ஏற்கெனவே தோளில் இருந்தது.