ஹுதைதா டிரம்

ஜூன் மாதத்தில் எங்கள் ஊர்க் காற்றை
நக்கிப் பார்த்தால் இனிக்கும்.
காவேரிப்பட்டணம் ரோட்டில்
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
விடிய விடிய வரிசையில் நிற்கும்.
எனக்கு லேபிள் ரூம்.
பழம் கூழாகி, கூழ் வெள்ளிப் பையில் இறங்கி,
பை டிரம்மில் இறங்கி,
டிரம் மேல் ஊர்ப்பெயர் ஏறும் இடம்.

ஜித்தா. அகபா. போர்ட் சூடான். ஹுதைதா.
தகட்டில் வெட்டிய எழுத்தின் மேல்
குல்சார் பாஷா பிரஷ்ஷை ஒற்றி எடுப்பான்,
வலமிருந்து இடமாக.
அவனுக்கு வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது.
எனக்கு இரண்டும் தெரியாது.
எண்ணத் தெரியும்:
ஒரு கன்டெய்னருக்கு எண்பது.

"ஜித்தா எப்படி இருக்கும்?" என்றேன் ஒருநாள்.
ஒன்பது வருஷம் அங்கே வேன் ஓட்டியவன்
கொஞ்சம் யோசித்தான்.
"ரிங் ரோடு நல்லா இருக்கும்க்கா.
பழைய டவுனுக்கு ஒரே தடவை போனேன்,
ராத்திரி, ஒரு ஏசி இறக்க.
பவளப் பாறையை அறுத்துக் கட்டின வீடுங்க.
மரத்துல ஜன்னல், தெருவுக்கு மேல துருத்திக்கிட்டு,
பீரோவ வெளிச்சுவத்துல மாட்டின மாதிரி.
மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல.
அண்ணாந்து பாக்க முடியல,
முதுகுல ஏசி."

மீதியை நான் காலண்டரில் பார்த்தேன்.
சரக்கு வாங்குகிற கம்பெனி அனுப்பியது.
அகபாவுக்குப் பின்னால் எங்கோ ஒரு சிவந்த மலை,
மலைக்குள் தூண், தூணுக்குள் இருட்டு வாசல்.
கட்டியதல்ல, குடைந்தது.
பர்கூர்ப் பக்கம் நாங்களும்தான் மலையை அறுக்கிறோம்.
அவர்கள் அறுத்த இடத்தில் வாசல் மிஞ்சியிருக்கிறது.
இங்கே மிஞ்சுவது
ஆடு விழுந்து சாகிற பள்ளம்.

ஆகஸ்ட் பக்கத்தில் சனா.
ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கிற
மண்ணிற மாடி வீடுகள்.
ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் வெள்ளைக் கோடு,
போகிக்கு மறுநாள் சுண்ணாம்பு உலராமல் நிற்குமே,
அந்த வெள்ளை.
மேலே அரை நிலா வடிவத்தில் கலர்க் கண்ணாடி.
அந்தத் தாளைத் திருப்ப
எங்களில் யாருக்கும் கை வரவில்லை.
டிசம்பர் ஓவர்டைமை
ஆகஸ்டில்தான் கணக்குப் போட்டேன்.

ஹுதைதா மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.
"ஓதும்போது ஹதீத்னு ஒரு சொல் வரும்.
இரும்புன்னு சொல்லுவாங்க.
இரும்பு ஊரா இருக்கும் போல" என்றான் குல்சார்.
அது அவன் ஊகம்.
டிரம்மைத் தட்டிப் பார்த்தேன்.
கூழ் நிறைந்த இரும்பு
சத்தம் போடாது.

அந்த வருஷம் கடலில் ஏதோ அடைப்பு என்றார்கள்.
கப்பல் வராது என்றார்கள்,
வரும், ஆனால் அங்கே போகாது என்றார்கள்.
ஹுதைதா எண்பதும் ஷெட்டில் நின்றன.
மழை வந்து ஓரத்து வரிசையை நனைத்தது.
பங்குனியில் ஒன்றைத் திறந்து சோதித்தோம்.
மீட்டர் பதினான்கரை காட்டியது.
அடைத்த நாளிலும் அதே பதினான்கரை.
சர்க்கரைக்கு யாரும் செய்தி சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஆபீஸிலிருந்து உத்தரவு:
ஹுதைதாவை அடித்துவிட்டு ஜித்தா போடு.
குல்சார் நீலம் பூசினான், காயவிட்டான், வெள்ளை ஒற்றினான்.
வெயிலில் சாய்த்துப் பார்த்தால்
ஜித்தாவுக்கு அடியில்
இன்னொரு ஊர் மேடு தட்டியது.

எழுபத்தொன்பது போயின.
சோதனைக்குத் திறந்ததை முன்னூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டேன்.
பெத்ததாளாப்பள்ளியில் என் வாசலில் நிற்கிறது.
போர்த் தண்ணீர் பல்லைக் கறையாக்குகிற ஊர்;
ஒகேனக்கல் தண்ணீருக்கு
ஐந்து நாளைக்கு ஒருதரம் காத்திருக்கிறோம்.
நிறைய நிறைய டிரம் வெளியே வியர்க்கும்.
வியர்வைக் கோடு எழுத்தின் அடியைத் தொடும்,
நிமிர்ந்த கோடுகளில் ஏறும்.
கடைசி எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.
அது நனைந்தால் ஐந்து நாளைக்குக் கவலையில்லை.

"புள்ளி நனைஞ்சுதா?" என்று
பக்கத்து வீட்டு மாதம்மாள்கூட இப்போது கேட்கிறாள்.

இன்று ஹுதைதாவின் பாதியில்
குழாய் நின்றுவிட்டது.